பறவை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புரட்டாசி கடைசியில் வலசைப் பறவைகள் இறங்கத் தொடங்கினால் கூடவே கேள்விகளும் வந்துவிடும். இதில் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் கேட்டதும் உண்டு, பல வருஷமாகக் குறிப்பு எழுதி வைப்பவர்கள் கேட்டதும் உண்டு. பறவையில் எந்த ஈடுபாடும் இல்லாமல், வீட்டுக்குள் ஒன்று வந்து விழுந்த பதற்றத்தில் கேட்டவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பறவை பார்க்க ஆசை. முதலில் எங்கே போவது? வேடந்தாங்கலா, கோடியக்கரையா, கூந்தன்குளமா?

முதலில் உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். ஏரி இல்லையென்றால் கோயில் குளம், கல்லூரி வளாகம், வயல் வரப்பு எதுவானாலும் சரி. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறவைகள் அடங்கிவிடும். ஒரே இடத்துக்கு வாரம் ஒரு முறையாவது போய் வாருங்கள். சரணாலயத்துக்கு ஒரு நாள் போனால் ஆயிரக்கணக்கில் நாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் முக்குளிப்பான் எந்த மாதம் குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறது, தகைவிலான்கள் எந்த வாரம் மின்கம்பியில் வந்து உட்கார்கின்றன என்பதெல்லாம் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டே இருப்பவருக்குத்தான் தெரியும். மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மடையான் என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவற்றை நிறத்தாலும் நடையாலும் குரலாலும் அறிந்துகொண்ட பிறகு, புதிதாக ஒன்று வந்தால் அது தானாகக் கண்ணில் படும்.

பைனாகுலர் கட்டாயம் வேண்டுமா?

தொடங்குவதற்கு வேண்டாம். இரண்டு மாதம் வெறும் கண்ணால் பாருங்கள். ஆர்வம் நிலைக்கிறது என்று தெரிந்தால் 8×42 வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கணக்கு. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10×, 12× என்று எண் ஏற ஏற நல்லது என்று கடைக்காரர் சொல்வார். உருப்பெருக்கம் கூடினால் கையின் நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். புதருக்குள் தாவுகிற கதிர்க்குருவியைப் பிடிக்க 8× தான் தோது. ஜூம் வசதி உள்ள மலிவான பைனாகுலரைத் தவிர்த்துவிடுங்கள்.

வேடந்தாங்கலுக்கு வருவதெல்லாம் ஆஸ்திரேலியப் பறவை, சைபீரியப் பறவை என்று வருஷா வருஷம் செய்தியில் வருகிறதே?

இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். வேடந்தாங்கலில் மரம் நிறையக் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா இவை எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரும் மீனும் பார்த்து இந்தியாவுக்குள்ளும் இலங்கை வரைக்கும் இடம் மாறுமே தவிர, ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை அல்ல. கூடு கட்டி முட்டையிடுவது இங்கே, குஞ்சு பறக்கப் பழகுவதும் இங்கேதான். பிறந்து வளர்கிற பறவைகளை விருந்தாளி என்று சொல்லிவிட்டால், ஏரி வற்றி அவை காணாமல் போகும்போது 'சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டன' என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

வெளிநாட்டிலிருந்து வருபவை வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பலவகை உள்ளான்கள் எல்லாம் வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருபவை. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. அந்தப் பயணத்தில் ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இவை எதுவும் இங்கே கூடு கட்டுவதில்லை. பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். ஆகவே நம் பக்கம் கூடு கட்டியிருந்தால் அது குளிர்கால வலசை வந்த பறவை அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எங்கள் ஏரிக்கு வழக்கமாக நாரைகள் வரும். இந்த வருஷம் வரவில்லை. ஏன்?

மழையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் வேடந்தாங்கலே வெறிச்சோடிப் போகும். நாரைகளும் கூழைக்கடாக்களும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களைத்தான் விரும்புகின்றன. அடியில் தண்ணீர் நின்றால் பூனை, கீரி எதுவும் மரத்தில் ஏறிக் குஞ்சைத் தொட முடியாது. தண்ணீர் வற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கூடு கட்டிய பிறகு வற்றினால் முட்டையோடு கூட்டைக் கைவிட்டுப் போவதும் உண்டு.

ஆனால் ஒரு ஏரியில் மட்டும் தண்ணீர் நின்றால் போதாது. இதுதான் பலரும் கவனிக்காத விஷயம். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் இந்த ஒரு ஏரி மீன் எப்படிப் போதும்? காலையில் கரையில் நின்று பாருங்கள். நாரைகள் கிளம்பி நாலா பக்கமும் போகும். நத்தைகுத்தி நாரை நெல்வயலுக்கும், கூழைக்கடா பெரிய ஏரிகளுக்கும், அரிவாள்மூக்கன் சேற்று வயலுக்கும் போய் இரை எடுத்துக்கொண்டு திரும்பும். சுற்றியிருக்கும் ஏரிகளில் ஒன்றைத் தூர்த்தாலும், ஒன்றில் கழிவுநீரை விட்டாலும், அடி விழுவது இந்த மரத்தில் இருக்கும் கூட்டுக்குத்தான். வேடந்தாங்கலை மட்டும் வேலி போட்டுக் காத்துப் பயனில்லை. மதுராந்தகம் ஏரியும் கரிக்கிலியும் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சின்ன ஏரிகளும் சேர்ந்ததுதான் அந்தச் சரணாலயம்.

வேடந்தாங்கல் மக்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டில் குஞ்சு இருக்கும் காலம் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்பட ஊர் மொத்தமும் இதைக் கடைப்பிடிக்கிறது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்குதானே? எப்படிப் பிரித்துச் சொல்வது?

நல்ல கேள்வி. கொக்குகளைப் பிரிக்கப் பழகிவிட்டால் கண்ணுக்கு நல்ல பயிற்சி.

மாட்டின் காலடியிலும் டிராக்டருக்குப் பின்னாலும் நடப்பது உண்ணிக்கொக்கு. குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு. இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் புதுப் பறவை என்று படம் அனுப்புபவர்கள் நிறைய. சின்னக்கொக்கின் அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு காலை நீட்டிச் சேற்றை மெல்ல உதறிவிட்டு, கலங்கிய இடத்திலிருந்து மீன் வெளியே பாயும்போது கொத்தும். அந்தக் கால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டால் அலகைப் பார்க்கவே வேண்டாம்.

சிரமம் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும்தான். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உயரம் காட்டிக்கொடுக்கும். தனியாக நின்றால் என்ன செய்வது? அலகின் நிறத்தை நம்பாதீர்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். வாயின் ஓரத்திலிருந்து பின்னால் போகும் கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். நல்ல பைனாகுலரில் இது தெளிவாகத் தெரியும்.

மடையானையும் இதில் சேர்க்க வேண்டும். குளத்துப் படியில் அழுக்குப் பழுப்பாக, இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் படக்கென்று வெள்ளை இறக்கையை விரித்துப் பறக்கும். 'பழுப்புப் பறவை இருந்த இடத்திலிருந்து வெள்ளைக் கொக்கு பறந்தது' என்று எழுதினால் அது மடையான்தான்.

அக்டோபர் மாதம் வீட்டுக்குள் பல நிறத்தில் ஒரு பறவை விழுந்து கிடக்கிறது. வால் இல்லை. கூண்டிலிருந்து தப்பியதா?

தப்பியது அல்ல. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் குட்டையாக இருக்கிறதா? அப்படியானால் அது ஆறுமணிக்குருவி. வாலும் உதிரவில்லை, அதன் வாலே அவ்வளவுதான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கோடையில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரை வருகிறது. இரவில் பறக்கும் பறவை. நகரத்து விளக்குகளில் தடுமாறி, கண்ணாடியில் மோதி, களைத்துப்போய் மாடியிலும் கார் ஷெட்டிலும் விழும். சென்னையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பருவத்தில் இதே கேள்வி வருகிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுப்போக ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, பறவையை உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். இருட்டு அதற்கு நல்லது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் பிஸ்கட்டும் சோறும் வேண்டாம். அது தின்பது புழு பூச்சி. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் துள்ளும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே, காக்கைகள் இல்லாத நேரம் பார்த்து, சருகு மூடிய மரநிழலில் பெட்டியைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுக்க ஆளுக்கு ஆள் கையில் வாங்கிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. மோதிப் பிழைத்தது அந்தப் பயத்திலேயே செத்துப்போகும்.

கூட்டிலிருந்து குஞ்சு விழுந்துவிட்டது. கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?

சேர்க்கும். மனித வாடைக்காகக் குஞ்சை ஒதுக்குவது கிடையாது. இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டைத் தேடி அதிலேயே வைத்துவிடுங்கள். கூடு எட்டாத உயரத்தில் இருந்தாலோ சிதைந்துவிட்டாலோ, ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டுப் பக்கத்துக் கிளையில் கட்டுங்கள். தாய் தேடி வந்து ஊட்டும். உடம்பு முழுக்க இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு என்றால் அது விழுந்தது அல்ல, பறக்கப் பழகுகிறது. பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில் வீட்டுக்கு எடுத்து வருவதுதான் பல குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறது.

பைக் கண்ணாடியைத் தேன்சிட்டு நாள் முழுக்கக் கொத்துகிறது. பைத்தியமா?

இல்லை. கண்ணாடியில் தெரிவது தன் இடத்துக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கூடு கட்டும் பருவத்தில் ஊதாத் தேன்சிட்டும் குண்டுக்கரிச்சானும் இப்படிச் செய்யும். கண்ணாடி மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள், சரியாகிவிடும்.

அதிகாலையில் கூவுவது பெண்குயில்தானே?

பாட்டில் வேண்டுமானால் அப்படி இருக்கட்டும். மரத்தில் கூவுவது ஆண். உடல் முழுக்கக் கறுப்பு, கண் ரத்தச் சிவப்பு. பெண்குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் பட்டையுமாக இருக்கும், 'கிக் கிக் கிக்' என்று கத்திக்கொண்டு பறக்கும். இரண்டும் வேறு வேறு பறவை என்று நினைத்து, பெண்ணைக் காட்டி 'இது என்ன புதுசு?' என்று கேட்பவர்கள் அதிகம். மாசி, பங்குனியில் கூவல் தொடங்கி ஆடி வரை கேட்கும். காக்கை கூடு கட்டும் காலத்தை ஒட்டித்தான் இதன் கணக்கும். காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு காக்கை தன் குஞ்சோடு சேர்த்துக் குயில் குஞ்சுக்கும் ஊட்டும். வாய் பிளந்து கத்தும் குயில் குஞ்சுக்குக் காக்கை ஓடி ஓடி ஊட்டுவதைக் கோடையில் தெருவோர வேம்பிலேயே பார்க்கலாம்.

ராத்திரி மொட்டைமாடிக்கு மேல் கத்திக்கொண்டு போவது என்ன?

காட்டிக்கொடுப்பது போல விடாமல் கத்தினால் ஆள்காட்டி. 'குவாக்' என்று ஒற்றைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டால் வக்கா, இரைக்குக் கிளம்பியிருக்கிறது. துணி கிழிவது போன்ற கரகரத்த அலறல் என்றால் கூகை. கூகை கத்தினால் சாவு விழும் என்று பயந்து கல்லெறிகிறார்கள். அது வந்திருப்பது எலிக்காக. ஒரு ஜோடி கூகை குடியிருக்கும் தெருவில் எலிப் பொறிக்கு வேலை குறையும்.

தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டது. நாங்கள் ஏதாவது தொந்தரவு செய்துவிட்டோமா?

பெரும்பாலும் உங்களால் இல்லை. கட்டுவது ஆண். நெல் இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைத்து, நுனியைக் கவ்வியபடி பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் போல நீளமாக ஓர் இழை உரிந்து வரும். அதைக் கொண்டுபோய்ப் பனையோலை நுனியிலோ கிணற்றுக்கு மேல் நீளும் கருவேலங்கிளையிலோ முடிந்து, ஒரு வளையம் செய்து, அதன் ஒரு பக்கம் முட்டை அறையைப் பின்னும். கவிழ்த்த தொப்பி போல ஆனதும் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டில் தொங்கியபடி இறக்கையை அடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே ஏறி இழுத்துப் பார்க்கும், கொத்திப் பார்க்கும். பிடித்திருந்தால்தான் ஆண் மீதியைக் கட்டும், நீண்ட நுழைவுக் குழாயும் அப்போதுதான் வரும். பிடிக்கவில்லையென்றால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடும், ஆண் வேறொன்றைத் தொடங்கும். நீங்கள் பார்த்த பாதிக்கூடு அப்படிக் கழிக்கப்பட்டதாக இருக்கலாம். ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டை முடித்து, வேறு வேறு பெண்ணோடு சேர்வதும் வழக்கம். கூட்டின் உள்சுவரில் ஈரக் களிமண் அப்பியிருப்பதைப் பழைய கூடு கீழே விழுந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். வரவேற்பறை அலங்காரத்துக்காகக் கூட்டோடு கிளையை வெட்டி எடுத்து வருகிறார்கள். காலி என்று நினைத்து எடுப்பதில் குஞ்சு இருக்கும். சந்தையில் விற்றாலும் வாங்காதீர்கள்.

செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டதாமே?

கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த பட்டியல்களை வைத்து 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி மொத்தத்தில் நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்துவந்திருக்கிறது என்று சொன்னது. கிராமத்து மளிகைக்கடை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் இன்றும் கூட்டமாக இருக்கிறது. நகரத்தில் குறைய இரண்டு காரணங்களை நேரிலேயே பார்க்கலாம். ஓட்டு வீட்டில் இருந்த பொந்தும் இடுக்கும் கான்கிரீட் வீட்டில் இல்லை. தாய் தகப்பன் தானியம் தின்றாலும் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சி. செடியில்லாத தெருவில் அதற்கு எங்கே போகும்? கூட்டுப்பெட்டி வைப்பதானால் ஓட்டையை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் பெரிதாக்காதீர்கள், மைனா புகுந்துகொள்ளும். பெட்டியோடு சேர்த்து நாலு செடியும் வையுங்கள், பூச்சிமருந்து அடிக்காமல்.

சிட்டுக்குருவியைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குப் பாறு கழுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் குறை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருஷத்தில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. மாட்டுக்கு வலிமருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 2006-இல் கால்நடை வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பாறுகளுக்கு அதே கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலிமருந்துகள் இரண்டையும் 2023-இல் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது முதுமலை, சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களில் கூடு கட்டி மிஞ்சியிருக்கின்றன. உங்கள் வீட்டில் மாடு இருந்தால், வலிமருந்துக்கு மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அது பாறுகளைக் கொல்வதில்லை.

பார்த்ததைக் குறித்து வைக்கச் சொல்கிறீர்கள். என்ன எழுதுவது?

தேதி, இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், என்னென்ன பறவை, எத்தனை. இவ்வளவுதான். 'காலை 6.40 முதல் 7.25 வரை, கண்மாயின் கிழக்குக் கரை, ஒரு கிலோமீட்டர் நடை. முக்குளிப்பான் 14, நாமக்கோழி 60, மடையான் 9, காக்கை 22, வெண்மார்பு மீன்கொத்தி 2' என்று எழுதினால் அது முழுமையான பதிவு. 'இன்று கண்மாயில் நிறையப் பறவை, அருமை' என்று எழுதினால் அடுத்த வருஷம் உங்களுக்கே பயன்படாது.

காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். அரியதை மட்டும் எழுதினால், இல்லாததால் எழுதவில்லையா, கவனிக்காததால் எழுதவில்லையா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிய பட்டியலில்தான், ஒரு பறவை இல்லை என்பதற்கும் அர்த்தம் உண்டு. 2023-இல் வந்த நிலை அறிக்கை 942 வகைப் பறவைகளை எடைபோட்டு, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்று சொல்ல முடிந்தது இப்படிப்பட்ட சாதாரணப் பட்டியல்களால்தான்.

பெரிய கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு வழி: முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பாருங்கள். அதே அளவு எத்தனை முறை வருகிறது என்று கூட்டத்தின் மேல் கண்ணை ஓட்டுங்கள். மாலையில் அடையப் போகும் சோளப்பட்சிக் கூட்டத்துக்கு நூறு நூறாக எண்ண வேண்டிவரும்.

நோட்டில் எழுதுங்கள், அப்படியே இபேர்டிலும் ஏற்றுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய தளம் அது. தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் அதில்தான் பதிகிறார்கள்.

பறவையின் குரலைக் கேட்டு மெர்லின் செயலி பெயர் சொல்லிவிட்டது. ஆனால் இபேர்டில் என் பதிவைக் கேள்வி கேட்டு மடல் வந்திருக்கிறது. நம்பவில்லையா?

வருத்தப்படாதீர்கள். அந்தந்த மாவட்டத்துக்கு, அந்தந்த மாதத்துக்கு வழக்கமில்லாத பறவையோ எண்ணிக்கையோ வந்தால் அது தனியே நிற்கும். உள்ளூர்ப் பறவை தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பார்த்துவிட்டு விவரம் கேட்பார். எல்லோருக்கும் கேட்பதுதான், பல வருஷம் பார்ப்பவர்களுக்கும் உண்டு. படம் இருந்தால் கொடுங்கள், குரல் பதிவு இருந்தால் கொடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: அளவு, அலகு, கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. 'செயலி சொன்னது' என்பது விவரம் ஆகாது. செயலி ஒரு யூகத்தை எடுத்துக்கொடுக்கும், பறவையைத் தேடிக் கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும். வால்பாறைச் சாலையில் அது ஒரு மரத்தில் உட்கார்ந்தால், செயலித் திரையில் நாலைந்து பறவைப் பெயர் வரிசையாக வரும்.

உள்ளானின் காலில் வளையமும் கொடியும் பார்த்தேன். யாராவது வளர்ப்பதா?

ஆய்வுக்காக மாட்டியது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறது. மற்ற நாடுகளிலும் செய்கிறார்கள். கொடி எந்தக் காலில், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், இரண்டு கொடி என்றால் எது மேலே எது கீழே, எழுத்து படிக்க முடிந்ததா, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மங்கலான படமானாலும் பரவாயில்லை, எடுங்கள். விவரத்தைச் சங்கத்துக்கு அனுப்பினால் அந்தப் பறவை எங்கே வளையமிடப்பட்டது என்று தேடிச் சொல்வார்கள்.

கூட்டையும் குஞ்சையும் படம் எடுக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. படத்துக்கு மறைக்கிறதென்று நாலு இலையை ஒதுக்கினால் அதுவரை தெரியாத கூடு காக்கைக்கும், வைரி என்ற சின்ன வேட்டைப்பறவைக்கும் தெரிந்துவிடும். கேமராவோடு கூட்டின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால் அந்த அரைமணி நேரமும் குஞ்சு பட்டினி, வெயிலில் முட்டை வேகும். பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலைப் போடுவதும் அப்படித்தான். எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டுவிட்டு வந்து கத்தும். இருவாச்சி பொந்துக்குள் அடைபட்டிருக்கும் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெண் உள்ளே அடைந்து வாசலை ஒரு பிளவு விட்டு மூடிக்கொள்ளும், சாப்பாட்டுக்கு ஆணை நம்பி இருக்கும். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் பழத்தோடு வந்து ஊட்டாமலே திரும்பிப் போகும். ஆந்தை, இருவாச்சி, பாறு கூடு வைத்திருக்கும் இடத்தை எங்கும் எழுதவும் வேண்டாம்.

கூட்டைத் தொந்தரவு செய்யாமல் விட்டுக்கொடுத்த ஊரும் உண்டு. சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் 2020-இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டியது. முட்டை பொரித்துக் குஞ்சு பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊர்த் தெருக்களில் விளக்கே போடவில்லை.

வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கலாமா?

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது மூன்றும் குற்றம். முனியா, மைனாவும் அப்படியே. ஏற்கெனவே இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இறக்கை வெட்டி வளர்ந்த கிளியைத் திடீரென்று பறக்கவிட்டால் காக்கை விடாது.

வெயில் காலத்தில் தண்ணீர் வைக்கிறோம். வேறு என்ன வைக்கலாம்?

தண்ணீர் போதும். ஆழமில்லாத மண்சட்டியில் ஒரு கல்லைப் போட்டு, தினமும் கழுவி மாற்றுங்கள். மிக்சர், காராசேவு, உப்புப் போட்ட சோறு வேண்டாம். புறாவுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதும் வேண்டாம். மாடப்புறா ஏற்கெனவே பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லோரும் சேர்ந்து எண்ணும் நாள் ஏதாவது உண்டா?

உண்டு. பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-லிருந்து நடந்துவருகிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பும் நான்கு நாள்தான். கட்டணம் இல்லை, அனுமதி வாங்க வேண்டியதில்லை. எந்த இடத்திலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இபேர்டில் ஏற்றினால் சேர்ந்துவிடும். பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் அங்கேயே செய்யலாம். சென்னையிலும் கோவையிலும் பட்டியல்கள் குவிகின்றன, உள்ளடங்கிய கிராமங்களிலிருந்து மிகக் குறைவாக வருகின்றன. மாட்டுப்பொங்கல் காலையில் கண்மாய்க்குப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரியாத பறவை இருந்தால் படத்தோடு கேளுங்கள், பார்த்த நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.